வாளி கவிழ்ந்த பிறகு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் என்மேல் கோபித்துக்கொண்டு எழுந்து போனீர்கள். மூத்தவள் தன் சால்ட் லேக் ஆபீசில் நடந்த பயிற்சியைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டச் சொன்னார்களாம். கோபுரம் சாய்ந்துவிட்டதாம். பிறகு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "இப்ப உங்க மனசுல என்ன தோணுது?" என்று கேட்டார்களாம். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். "அப்பாவுக்கு எல்லாமே இளக்காரம்தான்" என்று சின்னவன் சொன்னான். இளக்காரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பேச்சில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மெட்ரோவுக்காக மண் தோண்டி இந்த வங்காளத் தலைநகரின் நடுவில் பள்ளமாகக் கிடந்த காலம் அது. பெஹாலாவில் நாம் இருந்த வாடகை வீட்டிலிருந்து டிராமில் ஏறிக் கிதிர்பூரில் இறங்கினால், துறைமுகத்துக்குப் போகும் சந்து ஒன்றில் நான் வேலை பார்த்த தேயிலைக் கிடங்கு. மேல்மாடிச் சுவரில் கதவில்லாத ஒரு பெரிய திறப்பு. அதற்கு மேல் ஓர் இரும்புக் கை, அதில் கப்பி. உள்ளே வின்ச் ஓட்டுபவர் கயிற்றை விட விட, தேயிலைப் பெட்டி ஆடிக்கொண்டே சந்துக்கு இறங்கும். கீழே நின்று பெட்டியைக் கையால் பிடித்து லாரிப் பக்கம் திருப்பிவிடுவது என் வேலை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு அந்த ஊரில் அது நல்ல வேலை.

வின்ச் ஓட்டுபவருக்குச் சந்து கண்ணில் படாது. அவருக்குக் கண்ணும் காதும் பொரோபாபுதான். பொரோபாபு என்றால் கிடங்கின் மூத்தவர், எங்களுக்கெல்லாம் தலைவர். உள்ளேயிருந்து பார்த்தால் திறப்பின் இடது ஓரத்தில் முக்காலி போட்டு, எதிர் ஓரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதில் அவருடைய கறுப்புக் குடையும் துணிப்பையும் தொங்கும். நான் கீழேயிருந்து "தாமோ" என்று கத்தினால், நிறுத்து என்று அர்த்தம். அவர் உள்ளே கை காட்டுவார், வின்ச் நிற்கும்.

துர்கா பூஜைக்கு முந்தைய மாதம் ஒரு நாள், பெட்டி பாதியில் சுற்றத் தொடங்கியது. "தாமோ, தாமோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பொரோபாபு அசையவில்லை. வின்ச்சும் நிற்கவில்லை. கயிற்றுக் கொக்கியிலிருந்து பெட்டி நழுவி, நான் விலகிக் குதித்த இடத்தில் விழுந்து உடைந்தது. சந்து முழுக்கத் தேயிலை. என் சட்டைப் பையிலும் செருப்பிலும் தேயிலை. நான் விலகியிருக்காவிட்டால் இதை எழுத ஆள் இல்லை, சின்னவன் அப்பா முகத்தைப் பார்த்திருக்கவும் மாட்டான்.

இதற்கு எங்கள் மேனேஜர் கண்ட மருந்து என்ன தெரியுமா? விளையாட்டு. அவர் தில்லிக்காரர். கொக்கியைப் பார்க்க ஆள் வரவில்லை, பம்பாயிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கிட்டே வந்தால் சலூன் வாசனை. எங்களுக்குள் ஒற்றுமை குறைவாம். அதனால்தான் பெட்டி விழுந்ததாம். விளையாட வைத்து, விளையாடியதைப் பற்றிப் பேச வைத்தால் ஒற்றுமை வந்துவிடுமாம்.

அவர் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். பூஜை முடிந்து கிடங்கு திறந்த வாரம், பிஜோயா நேரம். துர்கையை ஆற்றில் கரைத்த நாளிலிருந்து காளி பூஜை வரைக்கும் வங்காளிகள் யாரைப் பார்த்தாலும் மூன்று முறை தழுவிக்கொள்வார்கள். பெரியவர்கள் காலைத் தொடுவார்கள். வாயில் சந்தேஷ் இனிப்பும், நாரு என்று அவர்கள் சொல்லும் தேங்காய் உருண்டையும் திணிப்பார்கள். பழைய சண்டை எதையும் எடுக்கக்கூடாது. அந்த நாட்களில் ஒரு மூத்தவரின் முகத்துக்கு நேரே "நீங்க செஞ்சது தப்பு" என்று சொல்வது, கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பது போல. குறை சொல்ல வாய் திறக்காத ஒரே வாரத்தைத் தேடிப் பிடித்து, குறை சொல்லிப் பழக்க வந்தார் அந்த மனிதர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் அவர் தொழில்!

சனிக்கிழமை மத்தியானம் கிடங்கு முற்றத்தில் விளையாட்டு. ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றிக் கட்டிய கயிறுகள், வளையத்தின்மேல் தண்ணீர் நிறைந்த வாளி. ஆளுக்கொரு கயிற்று முனையைப் பிடித்து வாளியைத் தூக்கி, சிந்தாமல் முற்றத்தின் மறுகோடியில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் வைக்க வேண்டும். எங்கள் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டார். கண் கட்டாத ஆள் பொரோபாபு மட்டும். அவர் சொல்படி நாங்கள் நடக்க வேண்டும்.

கண்ணைக் கட்டியதும் நாங்கள் தடுமாறுவோம் என்று அவர் நினைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் கரண்ட் போகும் ஊரில் இருட்டில் சாப்பிட்டு, இருட்டில் படியேறி, இருட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பழகியவர்களிடம் துணியைக் காட்டினால்? நாங்கள் ஜோராக நடந்தோம். டெஸ்பாட்ச் குமாஸ்தா ஒருவர், கால்பந்துப் பைத்தியம், "சார், பந்தைக் குடுங்க, கண்ணக் கட்டிக்கிட்டே கோல் போடறேன்" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தோம்.

பாதி தூரத்தில் என் கயிறு தொய்ந்தது. வாளி என் பக்கம் சாய்வது கைக்குத் தெரிந்தது. "தாமோ" என்று கத்தினேன். எனக்கு வலப்பக்கத்திலிருந்து பொரோபாபுவின் குரல் நிதானமாக வந்தது: "சபாஷ், நடங்க, நடங்க." மறுபடியும் "தாமோ" என்று கத்தினேன். "நடங்க." தண்ணீரோடு வாளி கவிழ்ந்து, எனக்கு அடுத்து நின்ற வின்ச் ஓட்டுபவரின் மேல் விழுந்தது. அவர் போட்ட கூச்சலில் துறைமுகக் கப்பல் திரும்பியிருக்கும்.

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். பொரோபாபு முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் அவருக்கு இடப்பக்கம். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, வாளி ஏன் விழுந்தது என்ற வியப்புதான் இருந்தது. பெட்டி விழுந்த அன்று மேலே நான் பார்த்ததும் அதே முகம். அவர் சோம்பலாக இருக்கவில்லை. அலட்சியமும் இல்லை. அவருக்கு என் குரல் போய்ச் சேரவே இல்லை.

சரி, விளையாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாளித் தண்ணீர் செலவில் உண்மை முற்றத்தில் வந்து நின்றது. இனி அதைப் பார்த்துப் பெயர் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தானே பம்பாயிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார் என்று நம்பினேன்.

கேன்டீனில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டார்கள். பயிற்சியாளர் கரும்பலகைப் பக்கத்தில் நின்று, "இங்க சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் கிடையாது. மனசுல பட்டதச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு, தன் மனதில் இருந்த பதில் எங்கள் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்தார். வேறு ஏதாவது வந்தால் "ம், இன்னும்?" என்பார். அது வந்தால் முகம் மலரும், சாக்பீஸ் ஓடும். பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியாராவது பிரம்பைக் காட்டிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்தார்.

"வாளி ஏன் விழுந்தது?"

வேட்டி நனைந்து உட்கார்ந்திருந்த வின்ச் ஓட்டுபவர் முதலில் எழுந்தார். "என் தப்பு சார். கை ஈரம்."

"ஐயோ, இல்ல சார்" என்று குமாஸ்தா குறுக்கே விழுந்தார். "நான்தான் சிரிச்சுச் சிரிச்சுக் கயித்த ஆட்டிட்டேன்."

"நம்ம பசங்க தங்கம்" என்றார் பொரோபாபு. "வாளிதான் கொஞ்சம் பழசு."

இப்படியே வட்டம் முழுக்கச் சுற்றியது. ஆளாளுக்குத் தப்பைத் தட்டில் வைத்து நீட்டினார்கள், காலையில் சந்தேஷ் நீட்டியது போலவே. பயிற்சியாளருக்குக் கண்ணில் நீர் வராத குறை. 'பொறுப்பேற்றல்' என்று பலகையில் எழுதி இரண்டு கோடு போட்டார். இத்தனை வருடப் பயிற்சியில் இப்படி ஒரு குழுவைப் பார்த்ததில்லை என்றார். பார்த்திருக்கமாட்டார். பிஜோயாவில் எங்கும் போயிருக்கமாட்டார்.

நான் எழுந்தேன். பிஜோயா எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று காலையில் பொரோபாபு காலைத் தொட்டு, அவர் வீட்டு நாருவைத் தின்றவன்தான் நானும். ஆனால் திங்கட்கிழமை பெட்டிக்கு அடியில் நிற்கப் போவது நான்.

"சார், நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவருக்குக் கேக்கல. அவருக்கு இடது பக்கம் நின்னேன். அந்தக் காது சரியில்லைனு நினைக்கிறேன்."

பொரோபாபு தன் கை விரல்களைப் பார்த்தார்.

"நல்லது" என்றார் பயிற்சியாளர், நல்லதாக இல்லாத குரலில். "ஆனா நாம யாரையும் கை காட்டறதில்ல. உங்களுக்குள்ள என்ன உணர்ந்தீங்க? அதச் சொல்லுங்க."

"பயமா இருந்துச்சு சார்."

"அற்புதம்!" பலகையில் 'பயம்' என்று எழுதினார். "எதைப் பார்த்துப் பயம்? தோத்துடுவோம்னா?"

"பெட்டியப் பார்த்து சார்."

"வாளிய."

"இல்ல சார், பெட்டிய. போன மாசம் விழுந்துச்சே, அது."

"அது வேற விஷயம். இன்னைக்கு விளையாட்டப் பத்தி மட்டும் பேசுவோம்."

பாருங்கள், பிள்ளைகளா. பெட்டி விழுந்ததால் விளையாட்டு. விளையாட்டு வந்ததும் பெட்டியைப் பற்றிப் பேசக்கூடாது. 'பயம்' என்ற சொல்லிலிருந்து ஓர் அம்பு இழுத்து, 'கவனித்துக் கேட்டல்' என்று அழகான எழுத்தில் எழுதினார். ஒரு மனிதரின் இடது காது, கண் முன்னால், ஒரு நல்ல சொல்லாக மாறிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். கண் கட்டிய துணியை நினைவாக வைத்துக்கொள்ளும்படி ஆளுக்கொன்று கொடுத்தார். டாக்சியில் ஏறிப் போயேபோய்விட்டார். எங்கள் கிடங்கில் ஒற்றுமை அபாரம் என்று அவர் எழுதியதை மேனேஜர் பிறகு பெருமையோடு படித்துக் காட்டினார். கொக்கி அதே கொக்கி.

கேட்டுக்கு வெளியே டீக்கடை. மண் குவளை கைக்கு வந்ததுமே வாய்கள் திறந்துகொண்டன. வங்காளிகள் 'அட்டா' என்று சொல்லும் அரட்டை அது. கால்பந்து மேட்ச் முடிந்தபின் அவர்கள் அதில் இறங்கினால், ஒவ்வொரு பாஸையும் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் எழுவார்கள். அன்று எங்கள் வாளியை அப்படிப் பிரித்தார்கள்.

"ஏ மாத்ராஜி" என்றார் குமாஸ்தா, மதராஸ்காரனான என்னைப் பார்த்து. "பிஜோயால உனக்கு வாய் அரிக்குதா? காளி பூஜை வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"அதுக்குள்ள பெட்டி விழுந்தா? என் போட்டோவுக்குச் சந்தேஷ் வைப்பீங்களா?"

"வைப்பேன். நல்ல கடைச் சந்தேஷா வைப்பேன்."

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே வின்ச் ஓட்டுபவர் சொன்னார்: "அவருக்கு அந்தக் காது போயி ரெண்டு பூஜை ஆச்சு. எனக்கா தெரியாது? லீவு கேக்கணும்னா வலது பக்கம் போய் நிப்பேன். திட்டணும்னா இடது பக்கம்."

"அப்ப உள்ள ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன். "உன் கை ஈரம்னியே?"

"உள்ளயா? அந்த விசிலுக்கு முன்னாடியா? பொரோபாபு மானத்தை வாங்கவா?"

குமாஸ்தா டீயை உறிஞ்சிவிட்டுக் கையை ஆட்டினார். "இடது கால் வராத ஆளை இடது விங்ல நிறுத்திட்டு, கோல் வாங்கிட்டு, ஒற்றுமை இல்லைனு அழற கிளப்பு நம்மது. ஆளை வெளிய அனுப்பணுமா என்ன? விங்கை மாத்துங்கடா."

"புரியல."

"முக்காலியத் தூக்கி அந்தப் பக்கம் போடு. வலது காது சந்தைப் பார்க்கும். இதுக்குப் பம்பாய்லேந்து ஒருத்தன்!"

கேன்டீன் வட்டத்தில் கிடைக்காதது டீக்கடைப் பெஞ்சில் கிடைத்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தோம். அப்போதுதான் பெஞ்சின் ஓரத்தில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்த பொரோபாபுவைப் பார்த்தோம். எப்போது வந்தார் என்று தெரியாது. வலது காது எங்கள் பக்கம்.

"என்னை எங்க ஆட வைக்கறதுன்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த வெளியூர்க்காரன் முன்னாடி சொன்னியே. எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் பாபு. கீழேயிருந்து. பெட்டி விழுந்த அன்னைக்கு."

அவர் டீ பாதி இருந்த குவளையைப் பெஞ்சில் வைத்தார். குடித்து முடித்துத் தரையில் வீசி உடைப்பதுதான் அவர் வழக்கம். உடைக்காமல் எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா மூத்தவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "பெரிய மனுசன்கிட்ட ஏங்க வாயக் குடுத்தீங்க?" என்றாள். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, "முக்காலியை மாத்தலைன்னா அடியில நிக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றாள். அப்போது சின்னவன் அவள் வயிற்றில் இருந்தான்.

திங்கட்கிழமை காலை சந்தில் லாரி வந்து நின்றது. மேலே பார்த்தேன். முக்காலி பழைய இடத்தில். பொரோபாபு பழைய இடத்தில். பெட்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டார்கள். நான் லாரியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அடியில வா."

நான் என் காதைத் தொட்டு, கையால் திறப்பின் எதிர் ஓரத்தைக் காட்டினேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் சந்து முழுக்கக் கேட்டிருக்கும், அவருக்குத்தான் கேட்டிருக்காது. லாரி டிரைவர் ஹார்ன் அடித்தான். குமாஸ்தா வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்த்தார். பெட்டி அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பொரோபாபு எழுந்தார். "இந்தப் பக்கம் வெயில் கண்ணைக் குத்துது" என்று உள்ளே இருந்தவர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே, முக்காலியைத் தூக்கித் திறப்பின் வலது ஓரத்தில் போட்டு, பழைய இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெயில் அந்தப் பக்கம்தான் அதிகம். யாரும் சொல்லவில்லை. நான் அடியில் வந்து நின்றேன். பெட்டி கொஞ்சம் கோணியதும் "தாமோ" என்றேன், பாதிக் குரலில்தான். உடனே நின்றது.

விளையாட்டுக்குப் பிறகு கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறாய். நீங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்து வந்தபோது, எங்கே வழுக்கியது என்றுதான் நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காத அப்பா என்று அம்மாவிடம் புகார் செய்தீர்கள். மனசைக் கேட்பது தப்பில்லை. கேட்டவன் பதிலைக் கேட்க நிற்க வேண்டும். மூத்தவளே, உன் ஆபீஸ் கோபுரம் ஏன் சாய்ந்தது என்று யாராவது கேட்டார்களா? அதைத்தான் நான் கேட்க வாயெடுத்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

அத்தோடு முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தபோது முக்காலி மறுபடி இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. பொரோபாபு வீம்பாகச் செய்யவில்லை. துணிப்பையிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுக்க எழுந்தவர், ஆணிப் பக்கத்திலேயே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குடை அங்கே, பை அங்கே, மனிதரும் அங்கே. இத்தனை வருடப் பழக்கம் ஒரு காலையில் போகுமா? நான் மறுபடி லாரிக்கு அந்தப் பக்கம் போனேன், அவர் மறுபடி வெயிலைத் திட்டிக்கொண்டே மாறினார்.

சாயங்காலம் எல்லோரும் டிராமுக்குப் போன பிறகு மேலே ஏறினேன். வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கி வைத்திருந்தேன். ஆணி துருவேறிச் சுவரோடு சுவராக இருந்தது. வெறும் கையால் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பையில் பயிற்சியாளர் கொடுத்த கறுப்புத் துணி இருந்தது. அதை ஆணியில் சுற்றி, அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். வளைந்திருந்ததைத் தரையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். பிறகு திறப்பின் வலது ஓரத்துச் சுவரில், முக்காலியில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரம் பார்த்து அடித்தேன். முக்காலியை அதன் கீழே போட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். சந்தில் போன ரிக்‌ஷாக்காரரின் மணிச்சத்தம் வலது காதில் தெளிவாக விழுந்தது. இடது பக்கத்தில் ஆணி இருந்த ஓட்டையில் அந்தத் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.